இ-ரீடர் தேர்வும் தமிழ் மின்நூல் சேகரிப்பும்: கடலூர், புதுவை வாசகர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மின்நூல் படிப்பதற்கென்றே உள்ள கருவியான இ-ரீடரை வாங்கிய பலர் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். முதலில் கருவியை வாங்குகிறார்கள். அதன் பிறகுதான் தங்களிடம் இருப்பவை பெரும்பாலும் ஸ்கேன் செய்த பிடிஎஃப்கள் என்பதும், ஆறு அங்குலத் திரையில் அவை எறும்பு ஊர்வதுபோலத் தெரியும் என்பதும் புரிகிறது. கோப்பைப் பார்த்து, திரை அளவை முடிவுசெய்து, தமிழ் சரியாக வருகிறதா என்று சோதித்து, கடைசியாகப் பணம் கொடுங்கள். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கணினி வேண்டும். பழைய மடிக்கணினியே போதும். மின்நூல்களை அடுக்கவும் வடிவம் மாற்றவும் உதவும் காலிபர் என்ற இலவச மென்பொருள், டேட்டாவையும் கடத்தும் யூஎஸ்பி கேபிள், குறைந்தது 64 ஜிபி பென்டிரைவ் அல்லது சிறிய ஹார்ட்டிஸ்க் ஆகியவையும் தேவை. சில மலிவுக் கேபிள்களில் சார்ஜ் மட்டும்தான் ஏறும். கருவியைக் கணினி கண்டுகொள்ளவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

சொந்தக் கணினி இல்லாதவர்கள் பிரவுசிங் சென்டரில் நூல்களைத் தரவிறக்கிக்கொள்ளலாம். ஆனால் அங்கே உங்கள் அமேசான் கணக்கில் நுழைய வேண்டாம். நூல் வாங்கும் அட்டை விவரமும் அதே கணக்கில்தான் இருக்கிறது.

2. இருபது நூல்களின் பட்டியல் போடுங்கள்

அடுத்து வாசிக்க நினைக்கும் இருபது நூல்களை எழுதி, ஒவ்வொன்றும் எந்த வடிவில் கிடைக்கிறது என்று எதிரே குறியுங்கள். கடையில் வாங்கும் மின்நூலா, இலவச இபப்பா (திரைக்கு ஏற்ப வரிகள் தானாக மடங்கும் மின்நூல் வடிவம்), ஸ்கேன் பிடிஎஃப்பா என்று பிரித்தால் போதும். எது அதிகமோ அதுதான் கருவியைத் தீர்மானிக்கும்.

சமகால நாவலும் சிறுகதையும் அதிகம் என்றால் கிண்டில் வசதி. 2016 டிசம்பரிலிருந்து அமேசான் அதில் தமிழ் நூல்களை விற்கிறது. இலவச இபப் அதிகம் என்றால் கிண்டில், கோபோ, பாக்கெட்புக் எதுவானாலும் ஓடும்; கிண்டிலுக்கு மட்டும் அனுப்பும் முறை வேறு, அதை 10ஆம் பகுதியில் பாருங்கள். ஸ்கேன் பிடிஎஃப் அதிகம் என்றால் பெரிய திரை கொண்ட, ஆண்ட்ராய்டில் இயங்கும் ஆனிக்ஸ் பூக்ஸ் போன்ற கருவிகளைப் பாருங்கள்.

புதுச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்டில் உள்ளவை போன்ற ஓலைச்சுவடிகளின் டிஜிட்டல் படங்களைப் பார்ப்பதுதான் உங்கள் வேலை என்றால் இ-ரீடரே வேண்டாம். வண்ணமும் வேகமாகப் பெரிதாக்கும் வசதியும் அதற்குத் தேவை. நல்ல டேப்லெட் ஒன்றை வாங்கிவிடுங்கள்.

3. திரை அளவைக் கணக்குப் போட்டு முடிவுசெய்யுங்கள்

விளம்பரத்தில் சொல்லும் அங்குலம் மூலைக்கு மூலை அளந்தது. நமக்கு வேண்டியது அகலம். 6 அங்குலத் திரையின் அகலம் சுமார் 9 செ.மீ., உயரம் 12 செ.மீ. 7.8 அங்குலம் என்றால் சுமார் 12க்கு 16. 10.3 அங்குலம் என்றால் சுமார் 15.7க்கு 21.

ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. அதை 6 அங்குலத் திரையில் அடக்கினால் அளவு 43 சதவீதமாகச் சுருங்கும், 12 புள்ளி எழுத்து 5 புள்ளியாகிவிடும். ஓர வெற்றிடத்தை வெட்டினால் எழுத்துப்பகுதி 16 செ.மீ. ஆகும். அப்போதும் 7 புள்ளிக்கு மேல் வராது. அதே வெட்டிய பக்கம் 10.3 அங்குலத்தில் ஏறக்குறைய அசல் அளவிலேயே தெரியும்.

பழைய தமிழ் நூல்களில் பல டெமி அளவில் அச்சானவை. எழுத்துப்பகுதி சுமார் 10.5 செ.மீ. அகலமும் 17 செ.மீ. உயரமும் இருக்கும். ஓரத்தை வெட்டினால் 6 அங்குலத்திலும் படிக்கலாம், ஆனால் ஒரு பக்கத்தை இரண்டு திரையாகத் தள்ள வேண்டும். 7.8 அங்குலத்தில் முழுப் பக்கமும் ஒரே பார்வையில் அடங்கும். ஸ்கேன் நூல்களும் இபப்பும் கலந்து படிப்பவருக்கு இந்த அளவுதான் சரி என்பது எங்கள் கணிப்பு. 10.3 அங்குலம் வீட்டு மேசைக்கு நல்லது. கடலூர்–புதுவை பேருந்தில் நின்றுகொண்டு ஒரு கையில் பிடிக்க ஆகாது.

4. பணம் கொடுக்கும் முன் தமிழைச் சோதியுங்கள்

‘தமிழ் தெரியும்’ என்று விற்பவர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். எழுத்துரு இருப்பது வேறு, எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டுவது வேறு. கணினிகளுக்கான பொது எழுத்துமுறையான யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பின்னால் பதிவாகும். அதை முன்னால் கொண்டுவந்து காட்டுவது கருவியின் வேலை. அந்த வேலை தெரியாத கருவியில் கொம்பு இடம் மாறி, புள்ளிவட்டத்தோடு தனியாக நிற்கும்.

சோதனைக்கு ஒரே ஒரு பக்க இபப் தயார் செய்யுங்கள். ‘பெ, பே, பை, பொ, போ, பௌ’ ஒரு வரி. ‘கு, கூ, டு, ணூ, மூ, றூ’ ஒரு வரி. ‘ஸ்ரீ, க்ஷ’ ஒரு வரி. கீழே சாதாரண உரைநடை பத்து வரி. இதைக் கருவியில் ஏற்றித் திறந்து பாருங்கள். இணையத்தில் வாங்குவதாக இருந்தால், திருப்பி அனுப்ப அனுமதிக்கும் நாட்களுக்குள் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.

கருவியோடு வரும் வாசிப்புச் செயலி சொதப்பினால் கேஓரீடர் என்ற இலவசச் செயலி கைகொடுக்கும். அது தமிழைச் சரியாகக் கோத்துக் காட்டும், பிடிஎஃப் ஓரத்தையும் வெட்டித் தரும். கோபோ, பாக்கெட்புக், ஆண்ட்ராய்டு கருவிகளில் நேரடியாகப் போடலாம். கிண்டிலில் போட அதன் பூட்டை உடைக்க வேண்டும். புதியவர்கள் அந்த வழிக்குப் போக வேண்டாம்.

5. வாங்கும்போது பார்க்க வேண்டியவை

திரைத்தெளிவு அங்குலத்துக்கு 300 புள்ளி இருக்கட்டும். தமிழில் சுழிகள் அதிகம் என்பதால் இதற்குக் குறைந்தால் சிறிய எழுத்தில் ண, ன இரண்டும் குழம்பும். திரைவிளக்கு கட்டாயம், மஞ்சள் ஒளிக்கு மாற்றும் வசதி இருந்தால் இரவுக்கு இதம். சேமிப்பிடத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். எழுத்து மட்டும் உள்ள தமிழ் நாவல் பெரும்பாலும் ஒரு எம்பிக்குள் அடங்கும். ஸ்கேன் பிடிஎஃப்தான் இடத்தை விழுங்கும். அதையும் எல்லாமாக ஏற்றத் தேவையில்லை.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரியும் வரும், இங்கே வாரன்டியும் இருக்காது. பிரான்ஸிலிருந்து வரும் உறவினர் கொண்டுவரும் கருவிக்கும் இதே வாரன்டிச் சிக்கல் உண்டு.

பழைய கருவி வாங்கினால், விற்பவர் தன் கணக்கை உங்கள் கண்ணெதிரே நீக்கித் தரட்டும். நீக்காத கருவியை உங்கள் பெயரில் பதிவு செய்ய முடியாமல் போகலாம். பக்கங்களைப் பத்து முறை திருப்பி, நகராத கோடோ கறுப்புத் திட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். இ-இங்க் திரை உள்ளே உடைந்திருந்தால் கண்ணாடியில் கீறல்கூடத் தெரியாது.

6. காலிபரை ஒழுங்காக நிறுவுங்கள்

நிறுவும்போது நூலகக் கோப்புறை எங்கே என்று கேட்கும். கணினியின் டி டிரைவில் சிறிய பெயரில் ஒரு கோப்புறை கொடுங்கள். கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் போலத் தானாக ஒத்திசையும் கோப்புறைக்குள் வைக்காதீர்கள். காலிபர் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒத்திசைவு குறுக்கிட்டால் நூல்களின் தரவுக்கோப்பு கெட்டுப்போகும்.

நூலைச் சேர்த்ததும் காலிபர் அதற்கு ஒரு நகல் எடுத்துத் தன் நூலகத்துக்குள் வைத்துக்கொள்ளும். புதியவர்கள் டவுன்லோட்ஸில் கிடக்கும் பழைய கோப்பைத் திருத்திவிட்டு, மாற்றம் ஏன் வரவில்லை என்று தேடுவார்கள். சேர்த்து முடித்ததும் டவுன்லோட்ஸ் நகலை அழித்துவிடுங்கள்.

காலிபர் தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்துக்கு மாற்றித்தான் கோப்புறைக்குப் பெயர் வைக்கும். பார்க்கச் சகிக்காது. இருந்தாலும் அந்தப் பெயர்களைக் கையால் மாற்றாதீர்கள். மாற்றினால் நூல் காணாமல் போனதாகக் காலிபர் சொல்லும்.

7. எங்கிருந்து எடுப்பது, எதை எடுக்கலாம்

சங்க இலக்கியம், பக்தி நூல்கள், திருவருட்பா போன்றவற்றுக்கு 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம். சமகால எழுத்தாளர்கள் பொது உரிமத்தில் தந்த நூல்களுக்கு ஃப்ரீ தமிழ் இபுக்ஸ். அங்கே இபப்போடு 6 அங்குலத் திரைக்கென்றே அமைத்த பிடிஎஃப்பும் கிடைக்கும். பழைய அச்சு நூல்களின் ஸ்கேனுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம்.

விக்கிமூலத்தில் நாட்டுடைமை நூல்கள் ஏராளம், இபப்பாகவும் இறக்கலாம். இறக்கும் முன் அந்த நூலின் பக்கப் பட்டியலைப் பாருங்கள். சிவப்பு என்றால் மெய்ப்பு பார்க்காத பக்கம், மஞ்சள் என்றால் ஒருமுறை பார்த்தது, பச்சை என்றால் இருமுறை சரிபார்த்தது. சிவப்பு நிறைந்த நூலை இறக்கினால் பிழையோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். இணைய ஆவணகமான ஆர்க்கைவ் தளத்தில் தானாக உருவாகும் தமிழ் இபப் பெரும்பாலும் பிழைக்காடு. அங்கே பிடிஎஃப்பையே எடுங்கள்.

காப்புரிமைக் கணக்கு எளிது. இந்தியாவில் ஆசிரியர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். நம் ஊர்க்காரர்களையே எடுத்துக்கொள்வோம். திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன் மறைந்தது 1948, உரிமம் எப்போதோ முடிந்தது. புதுவையின் பாரதிதாசன் மறைந்தது 1964. 2024 இறுதியோடு 60 ஆண்டு நிறைந்தது, அதற்கு முன்பே அவர் நூல்கள் நாட்டுடைமை. கடலூரில் பிறந்த ஜெயகாந்தன் மறைந்தது 2015. ஆகவே அவர் நூல்களுக்கு 2075 இறுதிவரை உரிமம் உண்டு. டெலிகிராம் குழுவில் சுற்றும் அவருடைய பிடிஎஃப் உங்கள் நூலகத்தில் இருக்க வேண்டாம்.

8. பிடிஎஃப்பைத் தரம் பிரியுங்கள்

அதிக நேரம் வீணாவது இங்கேதான். எல்லா பிடிஎஃப்பையும் காலிபரில் போட்டு இபப்பாக மாற்ற முயல்கிறார்கள், குப்பையாக வருகிறது, கருவியைத் திட்டுகிறார்கள். மாற்றுவதற்கு முன் ஒரு நிமிடச் சோதனை போதும். பிடிஎஃப்பில் ஒரு வரியைத் தேர்ந்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள்.

தமிழ் சரியாக வந்தால் நல்லது. காலிபரில் மாற்றலாம்.

ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தால் அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சானது. பிடிஎஃப்பின் பண்புகளில் எழுத்துருப் பட்டியலைப் பார்த்து எந்த முறை என்று கண்டுபிடித்து, என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவியில் யூனிகோடாக மாற்றுங்கள். முறையைத் தவறாகத் தேர்ந்தால் தமிழ் எழுத்து வரும், சொல் வராது. முதலில் ஒரே பத்தியில் சோதித்துப் பாருங்கள்.

தமிழ் வந்தும் கொம்பு மட்டும் இடம் மாறி, மெய்க்கு முன்னால் தனியாக நின்றால், பிடிஎஃப் எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமித்திருக்கிறது என்று பொருள். கொம்பை அடுத்த மெய்க்குப் பின்னால் தள்ளும் ‘தேடி மாற்று’ கட்டளையைக் காலிபரின் திருத்தியில் எழுதலாம். ஆனால் கோப்பு முழுவதும் ஒரே மாதிரி புரண்டிருந்தால் மட்டுமே செய்யுங்கள். பாதி சரி, பாதி தவறு என்றால் சரியாக இருப்பதும் கெட்டுப்போகும். அப்படிப்பட்ட கோப்பை ஸ்கேன் போலவே நடத்துவது மேல்.

எதுவுமே தேர்வாகவில்லை என்றால் அது வெறும் படம். இரண்டு வழி உண்டு. ஓரத்தை வெட்டி, 7.8 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள திரையில் படமாகவே படிப்பது ஒன்று. எழுத்துணரி வழியாக உரையாக்குவது இன்னொன்று. பிடிஎஃப்பைப் பத்துப் பத்துப் பக்கமாக வெட்டி கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் உரை கிடைக்கும். கணினியிலேயே செய்ய டெசராக்ட் என்ற இலவச எழுத்துணரி இருக்கிறது. ஸ்கேன் 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) குறையாமல் இருக்கட்டும். குறைந்தால் மெய்யெழுத்தின் புள்ளியே தொலைந்துபோகும்.

உரையாக்கினால் மெய்ப்பு பார்த்தே ஆக வேண்டும். துணைக்காலும் ர-வும் மாறும், எ, ஏ குழம்பும், புள்ளி விழும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூலில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை எல்லாம் பழைய வடிவில் இருக்கும். எழுத்துணரி அங்கே பெரிதும் தடுமாறும். ஒருமுறை படித்து மூடிவிடப் போகும் நூலுக்கு இவ்வளவு உழைப்பு வேண்டாம், படமாகவே படித்துவிடுங்கள். மீண்டும் மீண்டும் தேடப்போகும் நூலுக்கு மட்டும் உரையாக்குங்கள்.

9. பெயர்களை முதல் நாளே ஒழுங்குபடுத்துங்கள்

ஐம்பது நூலில் இது அரைமணி வேலை. ஐந்நூறு சேர்ந்துவிட்டால் யாரும் உட்கார மாட்டார்கள்.

காலிபர் ஆங்கிலப் பெயர் வழக்கப்படி கடைசிச் சொல்லை முன்னால் போட்டு வரிசைப்படுத்தும். நம் பெயர்களுக்கு அது எப்போதும் பொருந்தாது. இரண்டு சொல்லில் அமைந்த புனைபெயர் தலைகீழாகிவிடும். ப்ரிஃபரன்சஸில் ட்வீக்ஸ் பகுதிக்குப் போய், ஆதர் சார்ட் காப்பி மெத்தட் என்ற வரியில் ‘காமா’ என்பதைக் ‘காப்பி’ என்று மாற்றுங்கள். நூல்களைச் சேர்க்கும் முன்பே மாற்றுவது நல்லது. ஏற்கெனவே சேர்த்தவற்றின் வரிசைப்பெயர் தானாகத் திருந்தாது.

தலைப்பெழுத்துக்குப் பின் புள்ளி, அதன் பின் ஓர் இடைவெளி என்று ஒரே முறையை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆசிரியர் இரண்டு எழுத்துக்கூட்டலில் இருந்தால் இடப்பக்கப் பட்டியலில் ஒன்றின் பெயரை மற்றொன்றாக மாற்றினால் இரண்டும் சேர்ந்துவிடும்.

மொழி என்ற கட்டத்தில் ‘தமிழ்’ கட்டாயம். பலர் இதை வெறுமையாக விடுகிறார்கள். கருவி எழுத்துருவையும் அகராதியையும் இந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் தேர்கிறது. ஆங்கிலம் என்று இருந்தால் தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கில அகராதியைத் திறந்து விழிக்கும். பிரெஞ்சு நூல் வைத்திருப்பவர்களுக்கும் இதேதான்.

பல பாகம் உள்ள நூலுக்குத் தொடர் என்ற கட்டத்தையும் எண்ணையும் நிரப்புங்கள். குறிச்சொல் பத்துக்குள் அடங்கட்டும். ‘எங்கிருந்து எடுத்தது’ என்று தனியாக ஒரு நெடுவரிசையை உருவாக்கிக்கொண்டால், பின்னால் நல்ல பதிப்பு வந்ததா என்று பார்க்க உதவும்.

10. கருவிக்கு அனுப்புதல்

கேபிள் வழியாகக் கிண்டிலில் வைத்த இபப் திறக்காது. காலிபரில் கிண்டிலின் வடிவமான ஏஇசட்டபிள்யூ3 ஆக மாற்றி அனுப்புங்கள், அல்லது அமேசானின் சென்ட் டு கிண்டில் சேவை வழியாக இபப்பையே அனுப்புங்கள். மின்னஞ்சலில் 50 எம்பி வரை, இணையப்பக்கத்தில் 200 எம்பி வரை ஏற்கும். 2024இல் வந்த கிண்டில்கள் பென்டிரைவ் போலத் தனி டிரைவாகத் தெரியாது. காலிபர் கருவியைக் காணவில்லை என்றால், திறந்து வைத்திருக்கும் கோப்புச் சன்னல்களை மூடிவிட்டுக் கேபிளை மறுபடி செருகுங்கள்.

கிண்டிலில் வாங்கிய நூல்களைக் கணினிக்கு இறக்கி வைக்கும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. ஆகவே வாங்கிய நூலும் நீங்கள் சேகரித்த நூலும் இரு வேறு அலமாரி. வாங்கியவற்றின் பட்டியலை மட்டும் காலிபரில் வெற்றுப் பதிவாகச் சேர்த்து வையுங்கள். இல்லாவிட்டால் அதே நூலை இரண்டாம் முறை தேடிக்கொண்டிருப்பீர்கள்.

மொத்த நூலகத்தையும் ஒரே நாளில் கருவியில் கொட்டாதீர்கள். ஒவ்வொரு நூலையும் தேடலுக்காக அட்டவணைப்படுத்திக்கொண்டே இருக்கும், பேட்டரி ஒரே நாளில் இறங்கும். இருபது முப்பது நூல் போதும்.

அனுப்பிய பிறகு வரி நேராக்கத்தை நிறுத்தி, இடப்பக்கம் மட்டும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். தமிழில் சொற்கள் நீளம். சிறிய திரையில் இருபுறமும் நேராக்கினால் ஒரு வரிக்கு மூன்று சொல்லும் நடுவே பெரிய ஓட்டையும்தான் மிஞ்சும். வரி இடைவெளியை ஒரு படி கூட்டுங்கள். மேல்விலங்குச் சுழியும் கீழே இறங்கும் உகரக் கோடும் ஒன்றையொன்று தொடாமல் இருக்க அது தேவை.

11. உப்புக்காற்று, கடல்நீர், புயல்

‘தண்ணீர் புகாது’ என்பது நல்ல தண்ணீருக்குச் சொன்னது. கிண்டில் பேப்பர்வைட்டுக்கு நல்ல நீரில் 2 மீட்டர் ஆழம், 60 நிமிடம் என்கிறார்கள். கடல்நீரில் அதுவே கால் மீட்டர், 3 நிமிடம்தான். தேவனாம்பட்டினம் கடற்கரையில் அலை அடித்துவிட்டால் நல்ல தண்ணீரில் அலசி, சார்ஜ் துளையைக் கீழ்நோக்கிப் பிடித்து நன்றாக உலர விடுங்கள். ஈரம் போகும் முன் சார்ஜ் போட்டால் துளையின் உலோகம் அரித்துவிடும். அரிசிப் பானைக்குள் புதைக்காதீர்கள், தவிடுதான் துளையில் அடைக்கும். கடலோர வீடுகளில் சும்மா மேசைமேல் கிடந்தாலே துளை பச்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் பையில் வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் கருவியை முழுச் சார்ஜில் வைத்து வைஃபையை அணைத்துவிடுங்கள். வாரக்கணக்கில் தாங்கும். 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பின் எத்தனை நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்தோம் என்று ஊருக்கே தெரியும்.

நூலகத்துக்கு மூன்று நகல் வேண்டும். கணினியில் ஒன்று, வீட்டு ஹார்ட்டிஸ்கில் ஒன்று, வேறு ஊரில் ஒன்று. மூன்றாவது நகல் மேட்டுப்பகுதி ஊர்களான விருத்தாசலத்திலோ நெய்வேலியிலோ உள்ள உறவினர் வீட்டில் இருக்கலாம். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் மழையில் புதுவையில் வெள்ளம் புகுந்த தரைத்தள வீடுகளில் கணினியும் அதன் பக்கத்து ஹார்ட்டிஸ்க்கும் சேர்ந்தே நனைந்திருக்கும். இரண்டும் ஒரே மேசையில் இருந்தால் அது ஒரு நகலுக்குச் சமம்.

நகல் எடுக்கும்போது காலிபரை மூடிவிட்டு, நூலகக் கோப்புறை முழுவதையும் அப்படியே எடுங்கள். நூல் கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுத்தால் நீங்கள் நிரப்பிய குறிச்சொல், தொடர் எல்லாம் தரவுக்கோப்போடு பின்தங்கிவிடும். எடுத்த நகலை வேறு கணினியில் காலிபரின் ‘நூலகம் மாற்று’ கட்டளையால் திறந்து, அட்டையும் ஆசிரியர் பெயரும் வருகிறதா என்று பார்த்து, மூன்று நூல்களையாவது கடைசிப் பக்கம்வரை தள்ளிப் பாருங்கள்.